எந்த நாகரிகம் உசத்தி என்று மாமனார் கேட்டார்

சுத்தியலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பலருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பலருக்கும் என் மாமனாரைப் போல ஒரு மாமனார் வாய்த்திருக்க மாட்டார்.

இதை எழுதச் சொன்னது என் மனைவி. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு பேனாவையும் நான்கைந்து தாள்களையும் என் பக்கம் தள்ளி, "ஒண்ணு விடாம எழுதுங்க" என்றாள். அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வெளித்தோலைப் பார்த்து எதையும் நம்பாத தொழில் அது. நான் மறுக்கவில்லை. பொறுமையாக விளக்கினால் யாரும் புரிந்துகொள்வார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மாமா பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தோரு வருடம் போர்மேனாக இருந்தவர். அறுபது பேரை மேய்த்தவர். அளவு நாடா இல்லாமலே ஒரு ஜன்னல் கால் அங்குலம் சாய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்று எங்களோடு இருக்க வந்த முதல் வாரத்திலேயே சமையலறைக் கதவைக் கழற்றித் திருப்பி மாட்டினார்.

"இத்தனை வருஷமா இது உள்பக்கமாவா திறந்துட்டிருந்தது மாப்பிள்ளை? எப்படிக் காலம் தள்ளினீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையான இரக்கத்தோடு கேட்டார். கேலியாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு குழாய், மிக்ஸி, என் ஸ்கூட்டர், நான் ஸ்கூட்டரை நிறுத்தும் கோணம், நான் ஆணி அடிக்கும்போது நிற்கும் நிலை என்று ஒவ்வொன்றாகத் திருத்தினார். திருத்திய பிறகு எல்லாமே முன்பைவிட நன்றாக இருந்தன. அதை நான் மறுக்கவில்லை. மனைவி மருத்துவமனையிலிருந்து வந்து, "அப்பா வந்ததும் வீடே வீடா ஆயிடுச்சு" என்றாள். அதற்கு முன் அது என்னவாக இருந்தது என்று நான் கேட்கவில்லை.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் பம்புகளோடு வருமே, சின்னக் கையேடு, அதை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவன் நான். பதினோரு வருடமாகச் செய்கிறேன். என் கையேட்டைப் படித்து இதுவரை யாருக்கும் ஷாக் அடித்ததில்லை.

கூட வேலை பார்க்கும் ஒருவர்தான் அந்தக் கணினி விளையாட்டைக் கொடுத்தார். விஷயம் எளிது. பழங்கால மக்களினங்கள் பன்னிரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு சின்ன ஊரில் தொடங்கி, வயல், கிடங்கு, படை என்று வளர்த்து, கடைசியில் எதிராளியின் தலைநகரைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பலம், ஒரு பலவீனம். நான் இரண்டு மாதம் தனியாகப் பழகினேன். ஓரளவு கை வந்த பிறகு ஒரு ஞாயிறு மதியம், "மாமா, சும்மா உட்காருங்களேன்" என்று மனைவியின் பழைய கணினியை அவர் முன்னால் வைத்தேன். கம்பி கோத்து இரண்டையும் இணைத்தேன். அந்தக் கம்பியையும் அவர்தான் சரியாகச் சொருகினார்.

முதல் நாள் கணினியே அவருக்கு ஏதோ ஓர் இனத்தைக் கொடுத்தது. மாலை டீ வருவதற்குள் என் தலைநகரைப் பிடித்துவிட்டார்.

"நல்ல விளையாட்டுதான்" என்றார். "நீங்க கொஞ்சம் அவசரப்படறீங்க மாப்பிள்ளை. மத்தபடி ஒண்ணும் இல்ல."

அடுத்த ஞாயிறு, பன்னிரண்டு இனங்களின் பட்டியலைத் திரையில் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. "இதுல எந்த நாகரிகம் உசத்தி மாப்பிள்ளை? நீங்கதான் படிச்சவரு."

அந்த வீட்டில் பதில் வேண்டி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. கொஞ்சம் யோசித்து, "கடலோடிகள்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. கடலோடிகளைப் பற்றித் திரையில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. கடற்கரை ஊர்களில் வளம் இரட்டிப்பு. கப்பல்களுக்குப் பாதிச் செலவு. நிலத்தில் படைவீரர்களின் பலம் பாதி. முதல் இரண்டையும் பிசகில்லாமல் மொழிபெயர்த்தேன். மூன்றாவதை இடம் கருதி விட்டுவிட்டேன். கையேடுகளில் அப்படிச் செய்வதுண்டு.

எந்த வரைபடத்தில் விளையாடுவது என்பதை நான் தேர்ந்தெடுத்தேன். அது ஒரு பீடபூமி. நாலாபுறமும் மலை. கடல் கிடையாது. நடுவில் ஒரு குளம் இருந்தது.

அன்று நான் ஜெயித்தேன். மாமா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த ஒரு தலையசைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு நிறுத்தியிருக்கலாம் என்று மனைவி சொல்கிறாள். சொல்வது சுலபம்.

அவர் சோம்பேறியாக இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவரோ ஒரு நோட்டு வாங்கினார். வார நாட்களில் பென்சிலால் ஊர் வரைந்தார். எந்த இடத்தில் கிடங்கு, எங்கே வயல், ஆள் நடக்கும் தூரம் எவ்வளவு என்று பட்டறையை அமைப்பதுபோல அமைத்தார். பாதிப் பலமுள்ள வீரர்களை வைத்துக்கொண்டே ஐந்தாவது வாரம் என் கோட்டைச் சுவர்வரை வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அவர் திரையில் சிவப்பெழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. உணவுக் கிடங்கு காலி, மக்கள் பட்டினி என்று.

"சிவப்புல என்னமோ போட்டிருக்கே மாப்பிள்ளை?"

"வாழ்த்துச் செய்தி மாமா. உங்க ஊர் நல்லா வளருதாம்."

அவருக்கு சந்தோஷம். மேலும் இருபது வீடு கட்டினார்.

இன்னொரு வாரம், கடலோடிகளின் பலம் கப்பல்தான் என்று நானே நினைவுபடுத்தினேன். கல் சுமந்து, மரம் வெட்டி, அந்தக் குளத்தில் துறைமுகம் கட்டினார். எட்டுப் போர்க்கப்பல்கள் இறக்கினார். குளத்தில் திரும்பக்கூட இடமில்லாமல் அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. "நல்ல கப்பற்படை மாமா" என்றேன். "வேலைப்பாடு நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். என் குதிரைகள் அப்போது அவர் தலைநகரில் இருந்தன.

ஒருமுறை அவராகவே, "அந்தக் குதிரைக்காரங்களை ஒருதரம் எடுத்துப் பார்க்கட்டுமா?" என்றார்.

"அது புதுசா கத்துக்கறவங்களுக்கு மாமா. உங்க அனுபவத்துக்குக் கடலோடிகள்தான். பழக நாளாகும். பழகிட்டா யாராலயும் கிட்ட வர முடியாது."

பதினான்கு மாதம் அவர் பழகினார். ஒரு ஞாயிறுகூட ஜெயிக்கவில்லை.

இதற்குள் வீட்டில் ஓர் அமைதி வந்திருந்தது. எதையும் திருத்துவதை அவர் நிறுத்திவிட்டார். குளியலறைக் குழாய் ஒழுகியபோது நான் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் கோணலாக மாட்டிவிட்டுப் போனார். மாமா அதைப் பார்த்தார். கையை வைத்துத் தடவினார். ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்று எனக்கு அவர்மேல் பெரிய பிரியம் உண்டானது. பழம் நறுக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

அடுத்து நடந்ததைத்தான் மனைவி பெரிதாக எடுத்துக்கொள்கிறாள்.

பழைய பட்டறை முதலாளியின் மகள் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். பட்டறையை இப்போது அவர்தான் நடத்துகிறார். புதிதாக ஒரு ஷெட் போடுகிறார்களாம். எந்த இயந்திரம் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, புதிய ஆட்கள் முப்பது பேரைப் பழக்க வேண்டும். இரண்டு வருட வேலை. "உங்களைத் தவிர வேற யாரையும் அப்பா சொல்லலை" என்றார்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இல்லம்மா. அதெல்லாம் அப்போ. இப்போ ஒரு சின்ன ஊரைக்கூட எனக்கு நடத்தத் தெரியல. வாராவாரம் பறிகொடுத்துட்டு நிக்கறேன். மாப்பிள்ளையைக் கேளுங்க, சொல்வாரு."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். என் மனைவி அப்போது வேலையில் இருந்தாள்.

"மாமா சொல்றதும் சரிதாங்க" என்றேன். "இனிமே அவருக்கு ஓய்வுதான் நல்லது."

நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். பட்டறையில் தூசி அதிகம். இரண்டு பஸ் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். மாமா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதுவும் வரையாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் வேலையை மறுத்த செய்தி மனைவிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. "அப்பாவா? அப்பாவா வேண்டாம்னாரு?" என்று மூன்று முறை கேட்டாள்.

"வயசாகுதில்ல. கொஞ்சம் மறதி மாதிரியும் தெரியுது. ஒரு டாக்டரைப் பார்த்துடலாமா?" என்றேன். மருமகன் என்ற முறையில் அது என் கடமை.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். மாமா வட்டம் போட்டு, எண்கள் எழுதி, முட்கள் போட்டு, கடிகாரத்தைச் சுவரில் மாட்டுவதற்கான துளையும் எந்த அளவு ஆணி என்பதும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். டாக்டர் சிரித்தார். ஒரு குறையும் இல்லை என்றார். இன்னும் பெரிய பரிசோதனை ஏதாவது இருக்கிறதா என்று நான் விசாரித்தேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

"இவர் வழக்கமா செய்யற ஏதாவது ஒரு வேலையை, பக்கத்துல உட்கார்ந்து முழுசா கவனிங்க. எங்கே தடுமாறறாருன்னு தெரியும்."

அப்படித்தான் அந்த ஞாயிறு அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் தடுக்கவில்லை. வேறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் மூன்று முறை சொன்னேன்.

பத்து நிமிடம் ஆட்டத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, இது என்ன இனம்?"

"கடலோடிகள். இருக்கறதுலயே உசத்தி."

"இங்க கடலே இல்லையேப்பா."

"குளம் இருக்கு பாரு."

அவள் எதையோ அழுத்தி அந்த மூன்று வாக்கியங்களையும் திரையில் கொண்டுவந்தாள். உரக்கப் படித்துச் சொன்னாள், மூன்றாவதையும் சேர்த்து. அதற்குள் சிவப்பெழுத்து வந்தது.

"அது வாழ்த்து" என்றார் மாமா.

"இல்லப்பா. ஜனங்க பட்டினியா இருக்காங்களாம். வயல் போடச் சொல்லுது."

மாமா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இல்லை. சாய்ந்த ஜன்னலைப் பார்ப்பதுபோல, எவ்வளவு சாய்வு என்று கணக்குப் போடுவதுபோலப் பார்த்தார்.

"அப்போ எனக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று மகளிடம் கேட்டார்.

"ஒண்ணும் ஆகலப்பா" என்றாள். அவள் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. நியாயமாகச் சொன்னால் நல்ல செய்தி கேட்டால் சந்தோஷப்பட வேண்டும்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் சத்தமாகவே சிரித்தார்.

"அறுபது பேரு என்னை ஏமாத்தப் பார்த்திருக்காங்க மாப்பிள்ளை. முப்பத்தோரு வருஷத்துல ஒருத்தனால முடியலை. நீங்க என்னைப் பதினாலு மாசம் குளத்துல கப்பல் ஓட்ட வச்சிருக்கீங்க. லேசுப்பட்ட ஆளு இல்ல நீங்க."

இதைப் பாராட்டாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். மனைவி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து உள்ளே போய்ப் பட்டறைக்குப் போன் செய்தாள். அங்கே வேறொருவரை நியமித்திருந்தார்களாம். அவர் இயந்திரங்களை அழகாக வரிசையாக நிறுத்தியதில், தகட்டை உள்ளே கொண்டுபோக வழியில்லாமல் போயிருந்தது. மறுநாளே வரச் சொன்னார்கள். மாமா இப்போது ஆறு மணிக்கு எழுந்து இரண்டு பஸ் மாறிப் போகிறார். வரும்போது கால்சட்டையெல்லாம் தூசி. குளியலறைக் குழாயைக் கழற்றி நேராக மாட்டிவிட்டார். நேற்று என் நாற்காலியின் உயரத்தைப் பற்றியும் ஏதோ சொன்னார்.

ஞாயிறு அவருக்கு விடுமுறைதான். போன வாரம் அவரே மேசையில் வந்து உட்கார்ந்தார். "நான் குதிரைக்காரங்க. நீங்க எது வேணுமோ எடுத்துக்குங்க" என்றார். நாற்பது நிமிடத்தில் என் தலைநகர் போய்விட்டது.

ஆகவே எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். ஆம், தெரிந்தேதான் செய்தேன். மூன்றாவது வாக்கியத்தைத் தெரிந்தே விட்டேன், சிவப்பெழுத்தைத் தெரிந்தே மாற்றினேன், வந்த வேலையை அவர் தட்டிக்கழித்தபோது ஏன் என்று தெரிந்தே தலையாட்டினேன். ஆனால் அவர்மேல் வெறுப்பு இருந்தது என்று மனைவி நினைத்தால் அது தவறு. அவர் தோற்ற ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு அவர்மேல் பாசம் கூடிக்கொண்டே போனது. இனி அவர் இப்படி வாராவாரம் ஜெயித்துக்கொண்டே போனால் அந்தப் பாசம் என்ன ஆகுமோ என்பதுதான் என் கவலை. அதுவும் அவருக்காகத்தான்.