சரி பார்த்தியா, குரு?

ராத்திரி ரெண்டு மணி. ஹொசகோட்டை தாண்டி ஏரிக்கரையை ஒட்டி ஒரு ரோடு போகும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தைலமரத் தோப்பு. நடுவில் ஒரு விளக்கு கிடையாது. மழை பெய்தால் அந்தத் தோப்பு, சளிக்குத் தேய்க்கிற தைலம் மாதிரி மணக்கும்... அந்த வாசனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளி உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் நெருங்கி வாருங்கள். உங்களுக்காகச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் ஆள் இல்லாவிட்டால் எனக்குக் கதை வராது.

இது என்னோடு வேலை பார்க்கும் பூர்ணிமாவின் சித்தி மகன் கிரீஷாவுக்கு நடந்தது. அந்த ரோட்டின் கடைசியில் அவன் ஆபீஸ். ஆம்புலன்ஸ் கேட்டு வருகிற அழைப்பை வாங்கி, பக்கத்தில் இருக்கிற டிரைவருக்குத் தள்ளிவிடுகிற கம்பெனி. அதற்கான கம்ப்யூட்டர் ஒன்றுகூட அங்கே கிடையாது. எல்லாம் கிளவுட்டில், வாடகைக்கு. எதையும் ரிப்பேர் பண்ணுகிற வழக்கமும் கிடையாது. அதே மாதிரி புதிதாக ஒன்றை எழுப்புவார்கள், பழையதைக் கொன்றுவிடுவார்கள். அப்படி எழுப்புகிற ஒவ்வொன்றுக்கும் என்விரான்மென்ட் என்று பெயர். நமக்கு வாய் சுளுக்கும். சினிமா செட்டு மாதிரி, செட்டு என்றே வைத்துக்கொள்வோம்.

கருப்புத் திரை. அதில் இரண்டு கட்டளை. ஒன்று, செட்டு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த ஃபைலில் பிழை உண்டா என்று சரிபார்ப்பது. மற்றது, எழுப்புவது. சரிபார்க்காமலேகூட எழுப்பலாம். ஹெல்மெட் இல்லாமலும் வண்டி ஓடத்தானே செய்கிறது.

அங்கே மூத்தவர் நாகபூஷணா. எல்லோருக்கும் நாகண்ணா. ஆயுதபூஜைக்குக் கும்பிட மெஷினே இல்லாத ஆபீசில், ஒவ்வொரு லேப்டாப்பிலும் என்டர் பொத்தானுக்குக் குங்குமம் வைக்கிறவர். யார் செட்டு எழுப்பினாலும் பின்னால் வந்து நிற்பார். ஒரே கேள்வி, அந்த ஊரில் 'குரு' என்றால் நம்ம 'மச்சி' மாதிரி. "சரி பார்த்தியா, குரு?"

போன மழைக்காலம். கிரீஷா நாகண்ணாவின் ஃபைலில் ஒரு வரியை மாற்றினான். தூக்கக் கலக்கம். பழைய செட்டை முதலில் கொன்றான். சரிபார்க்காமல் புதியதை எழுப்பினான்.

எழும்பவில்லை.

நாகண்ணாவுக்குப் போன் போட்டான்.

"சரி பார்த்தியா, குரு?"

"பார்த்துட்டேன் நாகண்ணா."

"பின்ன ஏன் எழும்பல? கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. இதோ வரேன்."

வரவில்லை. ஏரி வளைவில் ஸ்கூட்டர் சறுக்கியது. அந்த வழியாக வந்த பால் வண்டிக்காரர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். திரும்பத் திரும்பச் செய்தார். அந்த அழைப்பு எங்கே வர வேண்டும்? கிரீஷாவின் செட்டுக்கு. செட்டுத்தான் எழும்பவே இல்லையே... விடியும்போது நாகண்ணா இல்லை. அவர் போன் ஏரியில் போனது போனதுதான்.

ஆபீசில் அறிக்கை எழுதினார்கள். 'நாகபூஷணா எழுதிய ஃபைலில் பிழை.' கிரீஷா வாயைத் திறக்கவில்லை. பதினோராம் நாள் சாப்பாட்டில், இலையில் ஹோளிகே, நம்ம ஊர் போளிதான், வைத்தபடி நாகண்ணாவின் மனைவி சரோஜம்மா அவனிடம் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் தப்பால உங்களுக்கெல்லாம் கெட்ட பேரு. மனசுல வெச்சுக்காதேப்பா."

அவன் அந்த ஹோளிகேயைத் தின்றான். முழுசாக.

அடுத்த மழைக்காலம் வந்தது. மறுபடி ஒரு ராத்திரி, மறுபடி கிரீஷா தனியாக. இப்போது ஆபீசில் ஒரு புது விதி. செட்டு எழுப்ப இன்னொருவர் தன் போனிலிருந்து சம்மதம் அனுப்ப வேண்டும். அன்றைக்குக் கூட வேலை பார்க்கும் வினுதாவின் முறை.

"என் பேரைப் போட்டுக்கோ. மெசேஜ் வந்தா ஓகே அடிச்சுட்டுத் தூங்குவேன்," என்றாள் போனில். "போன் பண்ணி எழுப்பினே, உன்னை ஏரியிலதான்..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். போனை வைத்துவிட்டாள்.

கிரீஷா, தான் கைவைப்பதற்கு முந்தைய நாகண்ணாவின் பழைய ஃபைலைப் பிரதி எடுத்தான். அதில் பிழை கிடையாது என்று உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதனால் சரிபார்க்கவில்லை. பிரதி எடுக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பையும் செய்தான். சம்மதம் தர வேண்டிய பொறுப்பாளர் பெயரை வினுதா என்று மாற்ற மறந்தான். என்டரைத் தட்டினான்.

'சம்மதத்துக்குக் காத்திருக்கிறது: நாகபூஷணா.'

ஐயோ என்று நிறுத்தப் போனான். அதற்குள் பதில் வந்துவிட்டது.

'மறுக்கப்பட்டது. காரணம்: சரி பார்த்தியா, குரு?'

ஏ.சி. ஓடுகிற சத்தம். ஜன்னலில் மழை. அவ்வளவுதான்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நானாக இருந்தால் அந்த நேரத்துக்கு மேஜைக்கு அடியில் இருந்திருப்பேன். அப்போது பழைய செட்டில், அது இன்னும் உயிரோடுதான் இருந்தது, ஓர் அழைப்பு விழுந்தது. இடம்: ஏரி வளைவு. ஒரு வண்டி கிளம்பியது. வரைபடத்தில் புள்ளி நகர்ந்து, வளைவில் நின்றது. அப்புறம் திரும்பியது. ஆஸ்பத்திரிப் பக்கம் இல்லை... இந்தப் பக்கம்.

டிரைவர் பசவராஜுவைக் கூப்பிட்டான். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆன ஆள்.

"ஆளை ஏத்தியாச்சு சார். அடி ஒண்ணும் தெரியல. தொப்பலா நனைஞ்சிருக்காரு."

"ஆஸ்பத்திரிக்குப் போகாம எங்கேய்யா வரே?"

"வேணாம்கிறாரே சார். ‘அன்னிக்குத்தான் வண்டி வரல, இன்னிக்காவது ஆபீஸ்ல எறக்கி விடு'ங்கிறாரு."

"பேரு என்ன?"

"கேட்டேன். சிரிக்கிறாரு." கதவு திறக்கிற சத்தம். "இந்தா, எறங்கிட்டாரு சார். உங்க கேட்டுலதான். லிஃப்டுக்குப் போறாரு... சார், இவர் நடந்தா சத்தமே வரல."

போன் வைக்கப்பட்டது.

கீழே லிஃப்ட் உறுமியது. ஒன்று. இரண்டு.

டிங்.

கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. தரையில் மட்டும் ஈரம். தைல வாசனை மெதுவாக நடந்து வந்து, அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

கிரீஷா திரும்பவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"பார்க்கல, நாகண்ணா. இன்னிக்கும் பார்க்கல. அன்னிக்கும் பார்க்கல. தப்பு உங்க ஃபைல்ல இல்ல... நான் மாத்தின வரியில."

வாசனை நகரவில்லை. லிஃப்ட் கதவும் மூடவில்லை. கிரீஷா சரிபார்க்கும் கட்டளையை அடித்தான். வரி வரியாகப் பச்சை. 'பிழை ஏதும் இல்லை.' எழுப்பும் கட்டளையை அடித்தான்.

'சம்மதம்: நாகபூஷணா.'

செட்டு எழும்பியது. லிஃப்ட் மூடிக்கொண்டது. என்டர் பொத்தானில், ஆயுதபூஜைக்கு இன்னும் நாள் கிடக்க, ஈரமாக ஒரு குங்குமப் பொட்டு.

விடிந்ததும் மேனேஜருக்கு எல்லாவற்றையும் எழுதினான். அறிக்கை பொய், சரோஜம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்று. எழுதி முடித்து, படித்துப் பார்த்து... அனுப்பவில்லை. நாகண்ணாவிடமே சொல்லியாச்சே, அது போதாதா என்று நினைத்துவிட்டான். பாவம், கெட்டவன் இல்லை. நம்மைப் போலத்தான். குரல் நடுங்க லிஃப்டிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஒரு பொம்பளையின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க முடியாது.

அதற்குப் பிறகு யார் செட்டு எழுப்பினாலும் லிஃப்ட் காலியாக மேலே வரும். சரிபார்த்தால் மூடிக்கொள்ளும். ஆபீசில் பழகிவிட்டார்கள். "நாகண்ணா வந்தாச்சு, செக் பண்ணுங்கப்பா" என்று கிண்டல்கூட உண்டு. கிரீஷாவின் முறை வந்தால் மட்டும் அது மூடவே மூடாது. எத்தனை தடவை சரிபார்த்தாலும்.

அவன் ஆபீசுக்கு வருவதை நிறுத்திவிட்டான். சாம்ராஜ்பேட்டையில் வீடு, மூன்றாவது மாடி. அங்கிருந்தே வேலை. அந்த மெயில் இன்னும் அனுப்பாமல் கிடக்கிறது.

போன வாரம் பூர்ணிமா அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். மெலிந்துவிட்டானாம். ராத்திரி முழுக்க வாசல் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். அவளும் அந்தச் சத்தத்தைக் கேட்டாளாம். டிங். அப்புறம் தைல வாசனை.

அந்தக் கட்டடம் பழசு. படி ஏறித்தான் போக வேண்டும்.

அங்கே லிஃப்டே கிடையாது.