வெள்ளைப் புள்ளி

உங்கள் ஜீப்பின் இடது பின்விளக்கு மங்கலாக எரிகிறது, ஷெரிஃப் நோலன். என்னை அழைத்துப் போக வந்து கடை முற்றத்தில் திரும்பினீர்களே, அப்போதே பார்த்தேன். ஒயரில் கோளாறு எதுவும் இல்லை. சேறு அப்பியிருக்கிறது, ஒரு துணியால் துடைத்தால் சரியாகிவிடும். இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன. இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது.

பெயர் ஹார்லன் ஸ்டிராண்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள். டீக்கன் கணவாய்க்கு ஏறும் இடத்தில், பெட்ரோல் பங்குக்கு எதிரே என் கடை. டிரெய்லர் கொக்கி, டிரெய்லர் விளக்கு, டிரெய்லர் பிரேக். வேறு எதிலும் நான் கை வைப்பதில்லை. வக்கீல் வேண்டாம் என்று தெளிவான புத்தியோடுதான் சொன்னேன். மாவிஸ் பிளேக்மன் எப்படிச் செத்தாள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் அதை முழுசாகப் புரிந்தவன் நான் ஒருவன்தான்.

மாடு ஏற்றும் டிரெய்லரின் சக்கரங்களுக்குத் தனி பிரேக் உண்டு. மின்சாரத்தில் பிடிக்கும். எவ்வளவு மின்சாரம் போகவேண்டும் என்பதை ஓட்டுபவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் பொருத்தும் சின்னப் பெட்டி முடிவு செய்யும். அதில் ஒரு திருகு இருக்கிறது. டிரெய்லர் காலியாக இருந்தால் திருகைக் குறைத்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் இறுகிப்போய்ச் சாலையில் இழுபடும். மாடு ஏற்றியிருந்தால் கூட்டி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் பாரம் முழுவதும் வண்டியைத் தள்ளும். சமவெளியில் தள்ளினால் சமாளிக்கலாம். கணவாய் இறக்கத்தில் முடியாது. வண்டியின் சொந்த பிரேக் சூடேறிக் கருகும், பிறகு காலுக்குக் கீழே எதுவும் இருக்காது.

நான் எப்படிச் செய்வேன் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வண்டிக்கும் நான்தானே பொருத்தினேன். பயப்படாதீர்கள், அது சரியாக இருக்கிறது. பாரம் ஏற்றிக்கொண்டு வரச்சொல்வேன். முற்றத்தில் மெல்ல உருட்டி, பெட்டியின் பக்கவாட்டில் டிரெய்லரை மட்டும் நிறுத்தும் நெம்பை, அந்தச் சின்னக் கைப்பிடியை, அழுத்திப் பார்ப்பேன். சக்கரம் இறுகுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் திருகை நிறுத்தி, அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைப்பேன். காலி வண்டிக்குப் புள்ளி வைப்பதே கிடையாது. புள்ளி இருந்தால் பாரத்துக்குச் சரி பார்த்தாயிற்று என்று அர்த்தம். அடுத்தவன் சேணத்தின் வாரை யாரும் இங்கே தொடுவதில்லை அல்லவா, அதுபோல ஹார்லன் வைத்த புள்ளியையும் யாரும் தாண்டித் திருகுவதில்லை. அப்பன் வண்டியை மகன் ஓட்டினாலும், புருஷன் வண்டியைப் பெண்டாட்டி ஓட்டினாலும் அப்படித்தான்.

இதைத்தான் மாவிஸின் புருஷன் கோர்டி பிளேக்மன் கேலி செய்தான். இந்த வசந்தத்தில், மாட்டு ஏலக் கொட்டகையின் உணவகத்தில், எல்லோரும் கேக் தின்றுகொண்டிருந்தபோது.

"பாரத்தை ஏத்திட்டு வா, நெம்பை அழுத்து, புள்ளி வை. ஏன்யா, நீ மெக்கானிக்கா இல்ல பிரேக் பாட்டியா? அடுத்த தடவை ஸ்வெட்டரும் பின்னிக் குடுப்பியா, வழியில குளிருமேன்னு?"

எல்லோரும் சிரித்தார்கள். பரிமாறுகிற பெண்கூடச் சிரித்தாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வங்கியில் "பாட்டி எப்படி இருக்காங்க" என்றார்கள். தேவாலயத்துக்கு வெளியே கைகுலுக்க வந்தவன் கண்ணில்கூட அந்தச் சிரிப்பு இருந்தது. எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால், ஆமாம், இருந்தது. அதை மறைக்க நான் ஒன்றும் சின்னப்பிள்ளை இல்லை.

கோடை முடிவில் கோர்டி புது பிக்கப் வாங்கினான். பெட்டி பொருத்த வேறு எங்கே போவான்? என்னிடம்தான் வந்தான், மாவிஸையும் கூட்டிக்கொண்டு. கடையில் இரண்டு வகை இருந்தன. பிரேக்கில் காலை வைத்ததும் தன் பாட்டுக்கு மெல்லக் கூட்டிக்கொண்டே போவது ஒன்று. அவசரமா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. மற்றது, வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்று உணர்ந்து அதே அளவுக்கு டிரெய்லரையும் பிடிக்கும். கோர்டி மலிவானதைக் கையில் எடுத்தான். அதை நான் அவன் கையிலிருந்து வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்து, மற்றதை எடுத்து நீட்டினேன்.

"கணவாய்ல ஓட்டணும்னா இதான்," என்றேன்.

"ஹார்லன் சொல்றதைக் கேளுங்க," என்றாள் மாவிஸ். "ஓட்டப்போறது பாதி நாள் நான்தானே."

ஆக, ஆகச் சிறந்த பெட்டியைத்தான் பொருத்தினேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். பற்றவைத்த இணைப்பு ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள், ஒயர் எங்காவது உரசியிருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றும் கிடைக்காது. என் வாழ்நாளில் நான் செய்த சுத்தமான வேலைகளில் அதுவும் ஒன்று.

வேலை முடிந்த அன்று கோர்டி டிரெய்லரைக் காலியாக இழுத்துக்கொண்டு வந்தான். பாரம் எங்கே என்று கேட்டேன்.

"கன்னுக்குட்டிகளை ஏத்திக்கிட்டு உன் கடைக்கு ஊர்வலமா வரணுமாக்கும்? சும்மா ஒரு அளவுல வெச்சு விடு, பெருசு."

"காலி டிரெய்லருக்கு நான் புள்ளி வைக்கிறதில்ல."

"எனக்கா வேணும் உன் புள்ளி? மாவிஸ்தான் உயிரை வாங்குறா. ஹார்லன் புள்ளி இல்லாம அந்த வண்டியைத் தொடமாட்டாளாம். வெச்சுத் தொலை பாட்டி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

முற்றத்தில் உருட்டினேன், நெம்பை அழுத்தினேன், சக்கரம் இறுகுவதற்கு மயிரிழை முன்னால் நிறுத்தினேன். காலி டிரெய்லருக்கு அது துல்லியமான இடம். அங்கே புள்ளி வைத்தேன். பெயின்ட் காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தேன். கோர்டி இருக்கையில் ஏறி உட்கார்ந்து எட்டிப் பார்த்தான்.

"இது மாடு ஏத்தினாலும் தாங்குமில்ல?"

"தாங்கும்," என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. நீங்கள் இவ்வளவு நேரம் தோண்டித் தேடிக்கொண்டிருப்பது அந்த வார்த்தையைத்தான், நோலன். சிரமப்பட வேண்டாம், நானே எடுத்துத் தருகிறேன். நான் பொய் சொன்னேன்.

ஏன் என்றும் சொல்கிறேன். கோர்டி பிறந்ததிலிருந்து மாடு இழுக்கிறவன். பாரம் ஏற்றினால் முதல் வளைவிலேயே வண்டி தள்ளுவது அவனுக்கு உறைத்துவிடும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வருவான். பங்கு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் முன்னாலும் "பாரத்தோட வந்திருக்கேன், புள்ளி வெச்சுக் குடு ஹார்லன்" என்று கேட்பான். அவ்வளவுதான் நான் கேட்டது. ஒரு மனிதன் தன் தொழிலுக்கு மரியாதை கேட்பது குற்றமா? உங்களையும் ஒரு கோடை முழுக்கப் பாட்டி என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம்.

அக்டோபரில் கன்றுகளை விற்கும் பருவம் வந்தது. அந்தக் காலையில் கோர்டியை ஒரு பசு உதைத்து, அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். மாவிஸ் ஓட்டிவந்தாள். மலை ஏறுமுன் டீசல் போட எதிர்ப் பங்கில் நிறுத்தினாள். டிரெய்லர் நிறையக் கன்றுகள், தாயைப் பிரிந்த கத்தல். நான் கடை வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் சாலையைக் கடந்து வந்து, கன்றுகளின் கத்தலுக்கு மேலே பங்கு பெஞ்சுவரை கேட்கும்படி உரக்கக் கேட்டாள்.

"ஹார்லன், ஒரு நிமிஷம். வர்ற வழியில கொஞ்சம் தள்ளுற மாதிரி இருந்துச்சு. திருகைக் கொஞ்சம் ஏத்தி வைக்கட்டுமா? இல்ல புள்ளியிலயே இருக்கட்டுமா?"

எதிரே பெஞ்சில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அவர்களில் ஒருவன் காப்பிக் குவளைக்குள் சிரித்தான். "போச்சுடா, பாட்டியோட புள்ளியே தப்பாப் போச்சு," என்றான்.

என் புள்ளி தப்பு என்று இந்த ஊரில் ஒருவனும் அதுவரை சொன்னதில்லை. நான் அந்தத் திருகை ஒரு விரல் நகர்த்தியிருந்தால், அடுத்த நாள் ஏலக் கொட்டகையில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வண்டிக்குள் தலையை நுழைத்து, சொந்தப் பெயின்டைச் சுரண்டவேண்டும் என்கிறீர்களா?

"புது வண்டி, அப்படித்தான் இருக்கும், பழகிடும்," என்றேன். "புள்ளியைத் தாண்டாதே மாவிஸ்."

"நீங்க சொன்னாச் சரி," என்றாள். எனக்குக் கை காட்டிவிட்டுத்தான் ஏறினாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். வண்டி முதல் வளைவில் மறையும்வரை நின்று பார்த்தேன். பிறகு கடைக்குள் போய் வேறொருவனின் விளக்கைச் சரி செய்தேன். சைரன் கேட்டபோது நான் தலை நிமிரவில்லை. எங்கே போகிறது என்று தெரிந்திருந்தது.

இறக்கத்தில் மூன்றாவது வளைவு என்று சொன்னீர்கள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

உங்கள் மேசைமேல் அந்தப் பெட்டி இருக்கிறது. நசுங்கியிருந்தாலும் முகப்பு முழுசாகத்தான் இருக்கிறது. திருகு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புள்ளிக்கு நேரே. வண்டி கையை மீறிப்போன அந்தக் கடைசி நேரத்தில்கூட அவள் அதைத் தாண்டவில்லை. கோர்டியாக இருந்தால் திருகியிருப்பான். எல்லோரும் மாவிஸ் மாதிரி இருந்திருந்தால் எனக்கு இந்த ஊரோடு ஒரு சச்சரவும் வந்திருக்காது.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும்? பொய் சொன்னேன் என்று எழுதுங்கள், அவளைச் சாகவிட்டேன் என்றும் எழுதுங்கள், இரண்டுக்கும் கீழே போடுகிறேன். ஆனால் புள்ளி தப்பு என்று ஒரு வரி இருந்தால் இந்தப் பேனாவைத் தொடமாட்டேன். புள்ளி சரியாகத்தான் இருந்தது. அந்த டிரெய்லரில் மாடு ஏற்றியதுதான் தப்பு.