சவுடு

மண்ணைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பது கெட்ட பழக்கம் என்று என் மனைவி அறிவுச்செல்வி சொல்வாள். ஆனால் விரலுக்குத் தெரியாதது பல்லுக்குத் தெரியும். களி வழுக்கும். வண்டல் நறநறக்கும். மணலைக் கடிக்கவே வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரியும். நான் நிலவியல் படித்தவன், சார். திண்டுக்கல்லில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடமாக வேலை.

அறிவின் அண்ணன் பேச்சிமுத்து, தாடிக்கொம்பு தாண்டி ஆற்றை ஒட்டிய நிலத்தில் மண் அள்ளினார். சவுடு என்றால் அனுமதி உண்டு, மணல் என்றால் இல்லை. சவுட்டில் களியும் வண்டலும் கலந்திருக்கும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். மணலுக்கு அந்தப் பிடி கிடையாது. அவர் கொண்டுவந்த பையைச் சலித்துப் பார்த்தேன். நூற்றுக்கு எண்பத்தெட்டு பங்கு மணல்.

"ஒத்த வார்த்த மாப்ளே," என்றார். "தங்கச்சியவே குடுத்திருக்கேன், நீங்க ஒரு வார்த்த குடுக்க மாட்டீங்களா? சவுடுன்னு எழுதினா பேனா ஒடிஞ்சா போகும்?"

சவுடு என்று எழுதினேன். சொந்தத்தில் மறுக்க முடியாது.

ஈர மணலை வெட்டினால் சுவர்போல நிற்கும். மணிகளுக்கு நடுவே உள்ள நீர் இழுத்துப் பிடித்திருக்கும். வெயில் ஏறினால் அது காயும். பிறகு சத்தமில்லாமல் சரியும். பங்குனியில் ஒரு மதியம், அண்ணனுக்குச் சோறும் வெஞ்சனமும் கொண்டுபோன அறிவு, பள்ளத்துச் சுவரின் நிழலில் உட்கார்ந்தாள். அவள் காதிலிருந்து மணலை நான்தான் எடுத்தேன். நடுத்தரப் பருமன். முனை மழுங்கிய மணிகள். பெரும்பாலும் வெள்ளைப் படிகம்.

அதன்பிறகு எனக்கு, மூச்சை வெளியே விட்டால் திரும்ப இழுக்க நெஞ்சில் இடமில்லை. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். பேச்சிமுத்து அதே நிலத்தின் மறுகோடியில் தோண்டத் தொடங்கியிருந்தார். "விதி மாப்ளே, மண்ணு என்ன செய்யும்?" என்றார்.

மண் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என நினைத்தேன். அனுமதியைப் புதுப்பிக்க ஆழம் அளக்க வேண்டும் என்றேன். முந்தின நாள் மழை. மதியம் ஒரு மணி என்று நேரம் சொன்னது நான்தான். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். டேப்பின் நுனியைச் சுவரடியில் பிடிக்க அவரிடம் சொல்லிவிட்டு மேலே வந்தேன். விளிம்பிலிருந்து நாலடி தள்ளி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதில் கடப்பாரையை இறக்கி நெம்பினேன்.

நெஞ்சுவரை மூடியது. முகம் வெளியே இருந்தது. நான் இறங்கிப்போய் எதிரே உட்கார்ந்தேன்.

"மாப்ளே, ஓடிப்போய் ஆளக் கூப்பிடுங்க."

"செத்த நேரம் இருங்க மச்சான். சவுடுதானே, பிடிச்சு நிக்கும்."

"வெளாடுற நேரமா இது? மூச்சு விட விட இறுக்குது."

"நீங்க விடுற மூச்சோட எடத்த மணலு எடுத்துக்கும். திரும்பக் குடுக்காது."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப மணலுன்னு தெரிஞ்சுதான்டா எழுதுன?"

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. இருபது நிமிடம் ஆனது. கையில் போன் இருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. என் மனைவியைக் கொன்றவரை நான் கொன்றேன். இதில் எனக்குக் குழப்பம் இல்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சார்?

அவள் செத்த அன்று மதியம் போன் செய்திருந்தாள். "அண்ணன் இந்தச் சுவருகிட்ட நெழல்ல ஒக்காரச் சொல்லுது. பயமா இருக்குங்க. ஒக்காரலாமா?" என்றாள். கூடத்தில் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். "சவுடுதான், சரியாது, ஒக்காரு," என்றேன்.

அது இந்த வழக்கில் சேராது. எழுத வேண்டாம்.