வேற எங்க அடிச்ச?

ஹலோ... ஹலோ, தம்பி, அக்காதான். வைக்காத! வச்சா திரும்பத் திரும்பக் கூப்பிடுவேன்... நீ எங்க ஒளிஞ்சிருக்கன்னு நான் கேக்கல. பெரியாஸ்பத்திரியில இருக்கேன்... ஆமா, ஆமா, எமர்ஜென்சி வார்டு. உன் மாமாவோடதான்.

உசுரு இருக்கு... சத்தமாப் பேசுடா, காதுல விழல. ஒரு கட்டில்ல ரெண்டு பேரப் படுக்க வச்சிருக்காங்க. பக்கத்துல, கால்ல லாரி ஏறின ஆளு, கத்திக்கிட்டே இருக்காரு. குளுக்கோஸ் பாட்டில் மாட்ட ஸ்டாண்டு இல்ல, நான்தான் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்கறேன்.

மாடிப்படியில விழுந்துட்டாருன்னு சொன்னேன்... ஆமா, உன்னக் காப்பாத்தத்தான். டாக்டரம்மா நம்பல. சின்னப் பொண்ணு, நாங்க வந்ததுலேர்ந்து உக்காரவே இல்ல. "படியில விழுந்தா மண்டை மூணு இடத்துல பிளக்காதும்மா"ன்னு சொல்லிக்கிட்டே பதினேழு தையல் போட்டா.

கேளு. தையல் போட்டும் பிரஷர் இறங்கிட்டே போகுது. தலைக்காயத்துக்கு இப்படி இறங்காதாம், வேற எங்க அடின்னு கேக்கறா. அவருக்கு நினைவில்ல. என்னை ரூமுக்குள்ள தள்ளித் தாழ்ப்பாள் போட்டுட்ட, நான் எதைப் பாத்தேன்? சொல்லு. வேற எங்க அடிச்ச?

...டேய், அப்புறம் அழு. இப்போ சொல்லு.

...ம்... இரும்புக் குழாய்... ம்... விழுந்தப்புறமுமா?... எங்க?... இடது பக்கம், விலாவுக்குக் கீழ... எத்தனை மிதி?... எண்ணலியா! எந்த ஷூ?... கம்பெனி ஷூவா? முன்னாடி இரும்பு வச்சதா? அடப்பாவி!

டாக்டரம்மா! டாக்டரம்மா! வயித்துல மிதிச்சிருக்கான்! இடது பக்கம்! ...ஆமாம்மா, விழல, பொய் சொல்லிட்டேன். என் தம்பிதான்!

இரு, வைக்காத... ஓடி வராங்க... சட்டைய வெட்டறாங்க... ஐயோ, கருநீலமா இருக்குடா. வயிறு பலகை மாதிரி கெட்டியாயிடுச்சாம்... யோவ், வழிய விடுங்கய்யா! ...பாட்டில், இந்தாங்க, நீங்க பிடிங்க...

...ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போயிட்டாங்க. உள்ளுக்குள்ள ரத்தம் கொட்டுதாம். வயித்தத் திறக்கணுமாம்.

...என்ன சொன்ன? எனக்காகவா? ...ஆமா, என் புருஷன் என்னை அடிச்சாரு. கழுத்தையும் நெரிச்சாரு. இல்லேங்கல. சொல்லி அழ ஒரு ஆளு வேணும்னு உன்கிட்ட சொன்னேன். கொல்லச் சொன்னேனா? என்னைப் பிடிச்சுத் தள்ளினியே, அப்போ உன் மூஞ்சியப் பாத்தேன்டா. அப்படியே அவரு மூஞ்சி.

...இரு. போலீஸ்காரர் வந்திருக்காரு... சொல்றேன் சார், ஒரு நிமிஷம்... தம்பி, உன் பேரச் சொல்லப் போறேன்... கத்தாத! உன் மாமா பேரையும்தான் சொல்லப் போறேன். என் கழுத்தையும் காட்டப் போறேன். ரெண்டு பேரும் பதில் சொல்லுங்க.

...என்ன சிஸ்டர்? நாலு பாட்டில் ரத்தமா? ...எந்த குரூப்பா இருந்தாலும் பரவாயில்லையா?

டேய், ரத்த பேங்க்ல இருக்கறத எடுத்து ஏத்தறாங்களாம், பதிலுக்குக் குடுக்க ஆளு வேணுமாம். நான் ஒருத்திதான் இருக்கேன்... ஆமா, போலீஸ் இங்கேயேதான் நிக்கறாரு. உன்கிட்ட மறைக்கல. நீ வந்து ரத்தம் குடுத்துட்டு அவரு கூடப் போ.



...வரியா? ...நிஜமாவா? ...ம். வாசல்ல நிக்கறேன். சீக்கிரம் வா. வைக்கறேன்.