போர்டில் அப்பா பேர்

பொம்மனஹள்ளி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும். தங்கை திறக்கப்போகும் சாப்பாட்டுக் கடைக்குப் பேர் வைப்பதில் தகராறு.

"அப்பா பேருங்கறதுக்காக பிச்சை மெஸ்னு போர்டு போடுவியா? எவன் வந்து சாப்பிடுவான்?"

"ஸ்கோடான்னா அந்த கார்க்காரங்க பாஷையில நஷ்டம்னு அர்த்தமாம்ணா. கம்பெனியை வளர்த்தவரோட குடும்பப் பேரு அது. வெட்கப்பட்டு மாத்தினாரா?"

"அது காரும்மா. இது சோறு."

"முன்னாடி பொறந்ததெல்லாம் தங்கலைன்னு, இதாவது பொழைக்கட்டும்னு அப்பாவுக்கு அந்தப் பேரு வெச்சாங்க. பொழைச்சாரில்ல? நம்மளையும் வளர்த்தாரில்ல?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "சரி, கன்னடத்துல மட்டும் எழுது. இங்க பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாது."

"கன்னடம் மேல இருக்கு. கீழ தமிழ்லயும் எழுதியாச்சுண்ணா. இந்நேரம் பெயிண்ட் காய்ஞ்சிருக்கும்."