கழுத்தில் நிற்காத வளையம்

பழக்கூழ் என்ன ருசி என்று என்னைக் கேட்காதீர்கள். பத்தொன்பது வருடத்தில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. குழந்தை உணவுத் தொழிற்சாலையில் எனக்கு மூடியோடு மட்டும்தான் வேலை. பாக்கெட்டின் மூடியைத் திருகித் திறந்தால், அதற்கு அடியில் இருக்கும் சின்ன வளையம் பாக்கெட்டின் கழுத்திலேயே நிற்க வேண்டும். நின்றால் கையெழுத்துப் போடுவேன். இந்த விவகாரம் வரை நான் கையெழுத்துப் போட்ட சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. எங்கள் பிரிவில் வேறு யாரும் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

புது மூடிகள் வந்து இரண்டு வாரம் கழித்து, நானும் என் உதவியாளரும் நூறு மூடி திறந்து பார்த்தோம். ஏழில் வளையம் கழன்று விழுந்தது. அந்தப் பெண் கைக்குழந்தைக்காரி. ஒரு வளையத்தைச் சுண்டுவிரல் நுனியில் மாட்டிப் பார்த்தாள்.

"சார், இது தொண்டையில கச்சிதமா உக்காந்துரும். மெஷினை நிறுத்தச் சொல்லுங்க."

நிறுத்தியிருக்கலாம். யாரும் என்னை நெருக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு வாரச் சரக்கு ஏற்கெனவே என் கையெழுத்தோடு கடைகளுக்குப் போயிருந்தது. நிறுத்தினால் அதையும் திரும்ப வரவழைக்க வேண்டும். ஏழு என்று எழுதிய தாளை எடுத்துவிட்டு, பூஜ்யம் என்று வேறு தாள் எழுதினேன். அவளைப் பெட்டி அடுக்கும் பிரிவுக்கு மாற்றினேன்.

ஐந்தாவது வாரம் ஒரு பத்து மாதக் குழந்தை இறந்தது. துக்கம் விசாரிக்கக் கம்பெனி என்னைத்தான் அனுப்பியது. எனக்குப் பக்குவமாகப் பேச வரும். சமையலறையில் குழந்தையின் நாற்காலியை யாரும் துடைத்திருக்கவில்லை. கூழ் காய்ந்து ஒட்டியிருந்தது. மருத்துவமனையில் எடுத்துக் கொடுத்த வளையத்தைத் தாய் ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். கேட்டதும் கொடுத்தாள். குழந்தை சாப்பிடும்போது எங்கே இருந்தீர்கள் என்றேன். துணி காயப்போடப் போனாளாம். எவ்வளவு நேரம் என்றேன்.

"ரெண்டு நிமிஷம்தாங்க."

"ரெண்டு நிமிஷங்கறது ரொம்ப நேரம்மா."

கணவர் கதவோரம் நின்றிருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்றுதான் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். கிளம்பும்போது வளையம் என் சட்டைப் பையில் இருந்தது. அவர்கள் புகார் கொடுக்கவில்லை. கணவர் அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த மாதம் இன்னொரு குழந்தை. அப்போதுதான், முதல் தாளை அன்றே போனில் படம் எடுத்து வைத்திருந்த என் உதவியாளர் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். சரக்கெல்லாம் திரும்பி வந்தது.

தெரிந்தே செய்தீர்களா என்று மூன்றாம் தடவை கேட்கிறீர்கள். அந்த நூறு மூடி திறந்த சாயங்காலமே என் மகளுக்குப் போன் செய்தேன். பேரனுக்கு இனிமேல் அந்தப் பாக்கெட் வேண்டாம், நீயே பழத்தை மசித்துக் கொடு என்றேன். ஏன்ப்பா என்றாள். வீட்டில் செய்வதுதான் உடம்புக்கு நல்லது என்றேன்.

ஆமாம், தெரியும். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அலட்சியம் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல்லை நான் ஒருநாளும் வாங்கியதில்லை.