பேச்சுக்குச் சொன்ன வியாதி

...இல்ல தங்கச்சி, அதைத்தான் நானும் கேக்குறேன். எனக்கு ரத்தக்கொதிப்புன்னு யாரு சொன்னா? நானா? நான் எங்க சொன்னேன்!

போன வாரம் உங்க இன்சூரன்ஸ் கம்பெனியிலேருந்து ஒரு தம்பி இதே மாதிரிதான் போன் பண்ணாரு. பாலிசி குடுக்குறதுக்கு முன்னாடி உடம்பைப் பத்தி நாலு கேள்வி கேக்கணுமாம். "அண்ணே, நல்லாயிருக்கீங்களா"ன்னு ஆரம்பிச்சாரு. என்னைப் போய் அப்படிக் கேக்கலாமா? நான் சோபா தைக்கிறவன் தங்கச்சி. கீழ கடை, மேல வீடு. பொழுது பூரா பஞ்சோடயும் ஆணியோடயும் உக்காந்திருக்கிறவன்கிட்ட ஒருத்தர் நலம் விசாரிச்சா... சரி சரி, விஷயத்துக்கு வரேன்.

அன்னிக்குன்னு பாத்து என் மச்சான் புதுக் காரைக் கொண்டாந்து என் கடை வாசல்லயே நிறுத்தியிருக்கான். கஸ்டமர் என்ன, பறந்தா வருவாங்க? "அவனைப் பாத்தாலே ரத்தம் கொதிக்குது தம்பி"ன்னேன். மனுஷன் பேசுற பேச்சுதானே? அவரு ரத்தக்கொதிப்புன்னு போட்டுக்கிட்டாரு! "அந்தக் காரைப் பாத்து எனக்கு வயிறு எரியுது"ன்னேன். அது அல்சராம். "வேலை தலைக்கு மேல கெடக்கு, மூச்சு விட நேரமில்ல"ன்னேன். மூச்சுத்திணறலாம்! கடைசியா வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும்னு சொன்னாரு. "அய்யோ, கேட்டாலே தலை சுத்துதே"ன்னேன்... ஆமா, அதையும்தான். ரொம்பப் பொறுப்பான பையன், ஒண்ணைக்கூட விடல.

இப்ப என்னடான்னா ரெண்டு மடங்கு கேக்குறீங்க. அதுவும் இதெல்லாம் முன்னாடியே இருந்த வியாதியாம், மூணு வருஷம் கழிச்சுத்தான் இதுக்குச் செலவு குடுப்பீங்களாம். இல்லாத வியாதிக்கு நான் எதுக்கும்மா காத்துக் கெடக்கணும்?

என் ஒருத்தனோட போனாக்கூடப் பரவாயில்ல. வீட்டுல நாலு பேருக்கும் சேத்து ஒரே பாலிசி. யாரு ஆஸ்பத்திரியில படுத்தாலும் அந்த ஒரு தொகையிலேருந்து எடுத்துக்கலாம்னாங்க. நல்ல ஏற்பாடுதான். ஆனா என் வாயால எல்லாருக்கும் சேத்து ஏறிப்போச்சே! இவ்வளவுன்னா என்னால கட்ட முடியாது. பக்கத்துக் கடை எலக்ட்ரீசியன் ஏணியிலேருந்து விழுந்து, வைத்தியத்துக்குக் கடையையே வித்துட்டான். அதுலேருந்து எனக்குப் பயமா இருக்கு தங்கச்சி. நெசமாவே பயம்... அய்யோ, இதையும் படபடப்புன்னு போட்டுராதீங்க!

பெரியவ சொல்லிட்டா: "அப்பா, இன்னிக்குப் போன் வந்தா ஆமா, இல்ல, இந்த ரெண்டு வார்த்தையைத் தவிர வாயே தொறக்காத"ன்னு. நானும் அப்படித்தானே பேசிக்கிட்டிருக்கேன்?

சரி, கேளுங்க. ரத்தக்கொதிப்பு? இல்ல. வயிறு? கல்லைத் தின்னாலும் செரிக்கும். அதாவது... இல்ல. கல்லெல்லாம் திங்கிறதில்ல. தலைசுத்தல்? இல்ல. மூச்சுத்திணறல்? நீங்களே கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க, எங்கயாவது மூச்சு விட்டேனா? காதா? நல்லாக் கேக்கும். வீட்டுலதான், "நான் சொல்றது உங்க காதுலயே ஏறாது"ம்பாங்க. அடடா, அது வேற காது தங்கச்சி, விட்ருங்க!

அப்பாடா. இனி என் சம்சாரமா? அவளுக்கு இல்லன்னே போட்டுக்குங்க. இத்தனை வருஷத்துல தலைவலின்னு ஒரு நாள் படுத்ததில்ல. என்னை மாதிரியா? படி ஏறுறப்போ மட்டும் நடுவுல கொஞ்சம் நின்னு கைப்பிடியைத் தொடைப்பா. சுத்தம் பாக்குறவ. தெனமும் அதே எடத்துலதான் தொடைப்பா... ஆங்? ஏன் அதே எடத்துலயா? அது... தெரியலயே. இருங்க, இங்கதான் நிக்கிறா, கேட்டுச் சொல்றேன்.

ஏம்மா, படி ஏறுனா உனக்கு மூச்சு வாங்குதா?

ஒண்ணும் இல்லங்கிறா தங்கச்சி. போட்டுக்கு... இருங்க, ஒரு நிமிஷம்.

இங்க பாரு. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. பிரீமியம் ஏறுதுன்னு பாக்காத. வாங்குதா, இல்லையா?

...எப்பலேருந்து?

...நெஞ்சுலயும் வலிக்குதா?

தங்கச்சி, லைன்ல இருக்கீங்களா? எழுதிக்குங்க. மூச்சு வாங்குது, நெஞ்சுல வலி. இல்லம்மா, இது பேச்சுக்கு இல்ல. ஏறுனா ஏறட்டும், எப்படியோ கட்டிக்கிறேன். உங்க மூணு வருஷமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், நான் இப்பவே கடையைச் சாத்திட்டு இவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.

ஏன்டி, ஒரே வீட்டுலதானே இருக்கோம்? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா?

...

என்னை எங்க பேச விட்டீங்கங்கிறா தங்கச்சி.